ஒரே காத்துதானே

பதினாறு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறேன். கடல் என்பது எனக்கு வரைபடத்தில் நீலமாக இருக்கும் ஓர் இடம். பிள்ளைகள் வர்ணம் தீட்டும்போது கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் என் கடமை முடிந்தது. நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் மூச்சு வாங்கும். இப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்துக் கடலைப் பார்த்து நிற்கும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் போட்ட அதிகாரி யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவராக இருக்க வேண்டும்.

குடியிருக்கக் கிடைத்த மாடி அறையில் ஜன்னலைத் திறந்தால் தீவு தெரியும். தீவு என்பது மரியாதைக்குச் சொல்வது. படகில் அரை மணி நேரம் போனால், கடல் மென்று பார்த்துப் பிடிக்காமல் துப்பியது போல ஒரு பாறைக் குவியல். உச்சியில் நாலைந்து புதர். பறவை எச்சத்தில் வெளுத்த முதுகு. ஆனால் தண்ணீருக்கு அடியில் சுவர் மாதிரி இறங்கும் பாறையும், அதில் தொற்றி வளர்ந்த பவளமும், குடை விரித்த அகலத்துக்குத் திருக்கையும் இருப்பதாகச் சொன்னார்கள். சொன்னார்கள் என்றுதான் நான் எழுத முடியும்.

அந்த அடியைக் காட்டுவதுதான் கீழ்வீட்டின் பிழைப்பு. மனைவி, வருகிறவர்களுக்கு முகமூடி மாட்டி, முதுகில் சிலிண்டர் ஏற்றி, கையைப் பிடித்து ஆழத்துக்குக் கூட்டிப் போவாள். ஊருக்கே அவள் 'அக்கா'. எனக்கு ஐந்து வயது இளையவள், எனக்கும் அக்கா. கணவர் வீட்டின் பின்கொட்டகையில் அந்தச் சிலிண்டர்களில் காற்று அடைப்பார். அவரை 'காத்தண்ணன்' என்றார்கள். நானும் அண்ணன் என்றேன். அக்காவும் அண்ணனும் புருஷன் பெண்டாட்டி என்பதில் முறை இடிக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. படகு ஓட்டுகிறவர் அக்காவின் சொந்த அண்ணன். ஆக மொத்தம் மூன்று பேர், பன்னிரண்டு பெரிய சிலிண்டர், சில சின்னச் சிலிண்டர், ஒரு படகு. மேலே ஒரு வாத்தியார்.

கொட்டகையில் ஒரு டீசல் எஞ்சின், அதோடு பெல்ட் போட்ட கம்ப்ரஸர். எஞ்சின் புகை போகும் குழாய் கூரையின் நடுவே நிற்கும். கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் குழாயின் வாய், அந்தப் புகை போகாத பக்கத்துச் சுவரில் உயரத்தில் கட்டியிருக்கும். பாதி வருஷம் கடலிலிருந்து காற்று, பாதி வருஷம் மலையிலிருந்து காற்று. காற்று திரும்புகிற அன்று குழாயை அவிழ்த்து எதிர்ச்சுவரில் கட்ட வேண்டும். மறந்தால் எஞ்சின் விடும் புகையைக் கம்ப்ரஸரே குடித்து, இருநூறு மடங்கு அழுத்திச் சிலிண்டருக்குள் வைத்துவிடும். அதைப் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஒருத்தி மூச்சாக இழுப்பாள்.

அதற்காக அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நிரப்பி முடித்ததும் ஒவ்வொரு சிலிண்டராகத் திறந்து, காத்தண்ணன் மூன்று மூச்சு மோந்து பார்ப்பார். சரியாக இருந்தால் சிலிண்டரின் தோள்பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழுந்த சிலிண்டரைப் படகில் யாரும் மறுபடி மோந்து பார்க்கக் கூடாது.

"படகுல எல்லாமே பெட்ரோல் நாத்தம் சார்" என்றாள் அக்கா, நான் காரணம் கேட்டபோது. "அங்க போயி மோந்தா நல்லதும் நாறும், கெட்டதும் நாறும். பயந்தா முங்கவே முடியாது. கரையிலயே ஒரு மூக்கு சொல்லிடணும். சொன்னா நம்பணும்."

காத்தண்ணன் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. நான் மாடிப்படி ஏறும்போதே, "என்ன சார், இன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல யாரோ ஆரஞ்சு உரிச்சாங்க போல" என்பார். காற்று திரும்பும் நாளை எந்தப் புத்தகமும் பார்க்காமல் சொல்வதும் அந்த மூக்குதான். கூரைப் புகையில் ஒரு நூல் உள்ளே வந்தால், "ஏம்மா, ஏணிய எடு" என்று குரல் கொடுப்பார்.

ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தார். அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் நான் கீழே இறங்கினால் வீடெல்லாம் கரிந்த வாடை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கறுத்துக் கிடக்கிறது. அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து அண்ணன் நிம்மதியாக ரப்பர் வளையங்களுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, பால்!"

திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு என்னை வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார்.

"சார், அவகிட்ட சொல்லிடாதீங்க."

"எத்தனை நாளா?"

"காய்ச்சல்லேருந்து. சோப்பு, மண்ணெண்ணெய், எதுவும் இல்ல. எல்லாமே தண்ணி மாதிரி இருக்கு. வந்துடும்னு டாக்டர் சொல்றாரு. எப்பன்னு அவருக்கும் தெரியல."

"அப்ப சிலிண்டர்?"

அவர் கடலைப் பார்த்தார். "ஞாபகத்துல கோடு போட்டுட்டு இருக்கேன்."

உடனே போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாகப் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க மூக்கு நல்லாதானே இருக்கு?" என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் என்னிடமுள்ள எதையும் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. விழுந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அக்கா கரையில் வலை நூல், கயிறு, துடுப்புச் செருப்பு என்று படகைச் சீர் பண்ணிக்கொண்டிருக்கும் காலை வேளையில், நான் கொட்டகைக்குள் குனிந்து பன்னிரண்டு சிலிண்டரையும் மோந்து பார்த்தேன். முதல் நாலு நாள் பயந்து பயந்து. அப்புறம் சுகமாக. வறண்ட, குளிர்ந்த, எந்த வாடையும் இல்லாத காற்று. கோடு போடச் சொன்னார். பதினாறு வருஷம் நோட்டுத் திருத்திய மணிக்கட்டு கோடு போட மறுத்தது. கீழே இறங்கி மேலே ஏறி ஒரு டிக் விழுந்தது.

"கோடு சார், கோடு."

"வரலண்ணே. இன்னும் கொஞ்சம் விட்டா பத்துக்கு எட்டுன்னு மார்க்கும் போட்டுடுவேன்."

சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து, பெரிய தர்மம் பண்ணுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாசம் இப்படியே ஓடியது.

அன்று பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். முந்தின நாளே சட்டையைத் தேய்த்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். காலையில் கீழே பேச்சுச் சத்தம். அன்றைய விருந்தாளி ஒரு பல் டாக்டர். ஒற்றை ஆள். கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறவர்.

"மேடம், முகமூடிக்குள்ள தண்ணி வந்தா?"

"சொன்னேனே சார். மூக்கால ஊதணும்."

"காது அடைச்சா?"

"மூக்கப் புடிச்சிக்கிட்டு ஊதணும்."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

படகுக்காரர் குறுக்கே விழுந்தார். "அது ஆகாது டாக்டர். எங்க பாப்பா மீனு. நீங்கதான் பல்லு."

"இல்ல, சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்."

அக்கா பொறுமையாகச் சொன்னாள். "இந்தா, என் ஜாக்கெட்ல இந்தப் பட்டன். அமுக்குனா காத்து ஏறும். என் சிலிண்டர் கழுத்தைப் புடிச்சிக்கிட்டு என்கூடவே மெதுவா மேல வாங்க. மூச்ச அடக்காதீங்க. போதுமா?"

"இன்னொரு தரம் காட்டுங்க" என்றார் டாக்டர். படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கொட்டகைக்குள் போனபோது எட்டுச் சிலிண்டர் தயார். மோந்தேன். எட்டும் சுத்தம். எட்டு டிக். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சுவரோரம் காலியாக நின்றன.

"நாலு பாக்கி சார். அரை மணி நேரம் ஆகும்."

"அரை மணியா? அதிகாரி வர்றாரு, எட்டு மணிக்கே எல்லாரும் இருக்கணுமாம்."

"போயிட்டு அப்புறம்..."

"அப்புறம் எங்க வர்றது? எட்டும் நல்லா இருக்குண்ணே. ஒரே எஞ்சின், ஒரே குழாய். ஒரே காத்துதானே?"

காலியாக நின்ற நாலு சிலிண்டர் தோளிலும் நாலு டிக் போட்டேன். வாத்தியார்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளையின் நோட்டு என்றால் முதல் எட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, மிச்சப் பக்கங்களில் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுவோம். அந்தப் பிள்ளை ஒன்பதாவது பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அண்ணன் அந்த நாலு டிக்கையும் ஒரு நிமிஷம் பார்த்தார். குனிந்து நாலையும் ஒன்றாகக் கம்ப்ரஸரில் மாட்டினார். வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை.

ஒன்பதரைக்கு என் வகுப்பு. கடைசி பெஞ்சில் அதிகாரி உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தார். பாடம் பருவக்காற்று. வேண்டுமென்றே எடுத்த பாடம், எனக்கு நன்றாக வரும். போர்டில் அம்புக்குறிகள் போட்டேன். முக்கால் மணி நேரம் அமோகமாகப் போனது. படத்தை அழிக்க டஸ்டரை எடுத்துத் துடைத்தேன். சாக்பீஸ் தூள் மொத்தமும் என் வாய்க்குள் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துடைத்தேன். மறுபடியும் மூஞ்சியில்.

நான் இந்த வகுப்புக்கு வந்த நாளிலிருந்து சாக்பீஸ் தூள் கதவு வழியாக வராந்தாவுக்குத்தான் போகும். வராந்தாவில் நடக்கிற கணக்கு டீச்சர் அதற்காக என்னோடு பேசுவதில்லை.

"சரி, யார் சொல்றீங்க? இங்க காத்து எப்ப திசை மாறும்?" வாய் தன் பாட்டுக்குக் கேட்டுவிட்டது.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "இன்னைக்கு சார்."

"என்னது?"

"இன்னைக்குக் காலையிலயே மாறிடுச்சு சார். ஏழரை மணி இருக்கும். இந்த வருஷம் ரொம்ப சீக்கிரம்னு சொல்லி அப்பா படகைத் திருப்பிக் கட்டுனாரு."

ஏழே காலுக்கு நான் எட்டாவது சிலிண்டரை மோந்தேன்.

அதிகாரி ஏதோ கேட்டார். நான் அவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். அவர் அறிக்கையில் என்ன எழுதினார் என்பதை அப்புறம் படித்தேன். உண்மையைத்தான் எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கொட்டகைக் கூரையில் புகை தெரிந்தது. மெல்லிய, நீலமான, பார்த்தால்தான் தெரிகிற புகை. அது எழும்பி, கூரையில் தவழ்ந்து, பழைய சுவரிலேயே கட்டியிருந்த குழாயின் வாய்க்குள் பணிவாக நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே அண்ணன் முதல் முறை முங்குகிறவர்களுக்கான சின்னச் சிலிண்டர்களை நிரப்பிக்கொண்டிருந்தார். டீசல் வாடைக்கு நடுவே நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எஞ்சினை நிறுத்துங்க! காத்து திரும்பிடுச்சு!"

நிறுத்தினார். அமைதியில் காது இரைந்தது. அவர் கூரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எதற்கு ஒப்பிடுவது என்று இதுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"படகுல எத்தனை போச்சு?"

"நாலு. மச்சான்தான் ஏத்துனாரு. கைக்கு வந்ததை."

பெரிய சிலிண்டர்களின் நம்பரைப் பார்த்தோம். ஒன்பது இருந்தது. பத்து, பதினொன்று இருந்தன. ஒன்பதைத் திறந்து முகத்தை வைத்தேன். பழைய பஸ்ஸின் பின்னால் நின்றது போல இருந்தது.

பன்னிரண்டு இல்லை.

படகுக்காரரின் போன் சமையலறை ஜன்னலில் சார்ஜில் கிடந்து பாட்டுப் பாடியது, நாங்கள் கூப்பிட்டதற்கு. பக்கத்து வீட்டுப் படகை எடுத்தோம். தேய்த்த சட்டையோடு, பளபளக்கும் ஷூவோடு, நான் முதல் முறையாகக் கடலுக்குள் போனேன். பயப்பட நேரமில்லை. அண்ணன் விசைப்பிடியைத் திருகிக்கொண்டே பேசினார்.

"புகை நாத்தமாவது சொல்லிடும் சார். அதுக்குள்ள இருக்கிற விஷத்துக்கு வாடையே கிடையாது. தலைவலி வரும். அப்புறம் ஒரு சுகமா தூக்கம் வரும். கீழ தூக்கம் வந்தா..."

பிடியை இன்னும் திருகினார்.

தீவை நெருங்கினோம். அவர்கள் வழக்கமாக நங்கூரம் போடும் பக்கத்தில் படகு இல்லை. அலை பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் உதடு என்னவோ எண்ணியது.

"அண்ணே, காத்து இந்தப் பக்கம் அடிக்குது. அவங்க மறுபக்கம் போயிருப்பாங்க" என்றேன். பூகோளம் அந்த ஒரு முறை உதவியது.

பாறையைச் சுற்றினோம். மறைவில் தண்ணீர் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. படகில் படகுக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ள, வாத்தியாரைக் கடத்திட்டு வந்துட்டீங்களா? வாங்க வாத்தியாரே, ஒரு வாய் சாப்பிடுங்க."

"கீழ இருக்காங்களா?" என்றார் அண்ணன்.

"ரெண்டாவது ரவுண்டு. கால் மணி ஆச்சு."

"பன்னெண்டாம் நம்பர் யாருக்குப் போட்டீங்க?"

"நம்பரையா பாத்துக்கிட்டு இருப்பேன்? எல்லாத்துலயும்தான் டிக் இருந்துச்சே."

முடிந்த சிலிண்டர் இரண்டும் பலகையில் கிடந்தன. மூன்றாம் நம்பர். ஏழாம் நம்பர். பன்னிரண்டு கீழே. அவ்வளவுதான் தெரிய வேண்டியிருந்தது.

அண்ணன் தாவி ஏறி, பெரிய ஸ்பேனரை எடுத்துத் தண்ணீருக்குள் இறங்கியிருந்த இரும்பு ஏணியில் அடித்தார். மூன்று அடி. நிறுத்தி, மூன்று அடி. மேலே வா என்று அர்த்தம். படகுக்காரரின் கையில் இருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. நான் தண்ணீரைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று பொங்கிப் பொங்கி, அவசரமாக. அது டாக்டர். அவர் மூச்சுவிடுவதிலும் கேள்வி கேட்கிறவர். இன்னொன்று நிதானமாக. அப்புறம் ரொம்ப நிதானமாக.

அப்புறம் ஒன்றுதான் வந்தது.

"மாப்ள, என்ன இது? என்ன ஆச்சு? சொல்லித் தொலைங்க!"

அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தார். மூன்று. மூன்று. ஏணியின் துரு உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இதுவரை எந்தச் சாமியிடமும் பேசாத ஒரு தொனியில் பேசிக்கொண்டிருந்தேன்.

முப்பதடி தள்ளி தண்ணீர் பிளந்தது. டாக்டரின் முகமூடி கோணியிருந்தது, அவர் கத்திக்கொண்டிருந்தார். ஒரு கை அக்காவின் சிலிண்டர் கழுத்தைப் பிடித்திருந்தது. அவள் ஜாக்கெட் முழுக்கக் காற்று ஏறி உப்பியிருந்தது. அதன் நடுவே அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"பட்டன்! பட்டனை அமுக்குனேன்! சரியா?" என்று கத்தினார் டாக்டர். அந்த நிலையிலும் கேள்விதான். அந்த மனிதரின் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

இழுத்துப் போட்டோம். படகில் எப்போதும் இருக்கும் ஆக்சிஜன் குப்பியைத் திறந்து, அதன் மூச்சுமூடியை அண்ணன் அவள் முகத்தில் வைத்தார். உதடு நல்ல சிவப்பாக இருந்தது; அந்த விஷம் ஏறினால் அப்படித்தான் ஆகுமாம், அதுதான் பயமாக இருந்தது. டாக்டர் நாடி பார்த்தார், கன்னத்தில் தட்டினார். கொஞ்ச நேரம் போயிற்று. எவ்வளவு என்று கேட்காதீர்கள். அவள் இருமினாள். ஒருக்களித்து வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து வெயிலைத் திட்டினாள்.

படகுக்காரர் அழுதுகொண்டே பன்னிரண்டாம் நம்பர் சிலிண்டரின் திருகைத் திறந்தார். மோந்தார். முகம் மாறிவிட்டது.

"மாப்ள! இதை நீ மோந்தியா?"

மாப்பிள்ளையை அவர் 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"மோந்தேன்" என்றார் அண்ணன். குரல் உடையவில்லை. "நான்தான் மோந்தேன். தப்பு என்னுது."

அக்கா மூச்சுமூடியை விலக்கினாள். "சும்மா இருங்க. உங்களைக் கேக்கல."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"உங்களுக்கு மூக்கு செத்து மூணு மாசம் ஆச்சு. பால் சட்டியை மணலு போட்டுத் தேச்சு மறைச்சீங்களே, அன்னைக்கே தெரியும். மறுநாள் பாத்தா சிலிண்டர்ல கோட்டுக்குப் பதிலா டிக். எந்தப் புருஷன் டிக் போடுவான்? சரி, மூக்கு ஒண்ணு இருக்கு, அது யாரோடதா இருந்தா என்ன, நீங்களா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு இருந்தேன்." மூச்சு வாங்கியது. "முதல் இழுப்புலயே லேசா வாடை வந்துச்சு. படகு நாத்தம்னு நெனச்சேன். டிக் இருந்துச்சுல்ல."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"சார், நீங்க சொல்லுங்க. மோந்தீங்களா?"

படகுக்காரர், டாக்டர், அண்ணன் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் விரல்களில் சாக்பீஸ் இன்னும் ஒட்டியிருந்தது. ஆயிரம் பிள்ளைகள் என் முன்னால் நின்று வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய தைரியசாலிகள் அவர்கள் என்று அன்று தெரிந்தது.

"இல்லக்கா. காலி சிலிண்டர்ல போட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படகு கரைக்குத் திரும்பியது. யாரும் பேசவில்லை. டாக்டர்கூட.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பத்து நாள் வீட்டில் படுக்கை. தலைவலி மட்டும் விட்டு விட்டு வந்தது. நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளக் கீழே போனேன். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி மாடியில் வைத்துவிட்டு வந்தார். குழாய் எதிர்ச்சுவருக்கு மாறிவிட்டது. பக்கத்தில் ஒரு மூங்கிலில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் என்று காட்ட. காற்றில் விஷம் இருந்தால் கத்துகிற ஒரு சின்ன மிஷினும் வந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை என் கதவு தட்டப்பட்டது. அக்கா. கையில் சாக்பீஸ்.

"இன்னைக்கு முங்கலாம்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டாரு. வாங்க."

"அக்கா... மிஷின் இருக்கே."

"மிஷினும் பாக்கட்டும். நீங்களும் பாருங்க."

"என்னையா நம்புறீங்க?"

"தப்பு பண்ணாத மூக்க நம்புனேன், பாத்தாச்சு. இனி தப்பு பண்ணுன மூக்க நம்பிப் பாக்குறேன்" என்றாள். சிரிக்கவில்லை. "பன்னெண்டு இருக்கு சார். ஒண்ணொண்ணா."

கொட்டகையில் அண்ணன் மிஷினை நீட்டிக்கொண்டு நின்றார். அது கத்தவில்லை. ஆனால் அவள் மிஷினைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் நம்பருக்குக் குனிந்து மூன்று மூச்சு இழுத்தேன்.

எதுவும் இல்லை. வறண்ட, குளிர்ந்த, வாடையற்ற காற்று.

எதுவும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? காற்றில் இல்லையா, என்னிடம் இல்லையா? காத்தண்ணனுக்கும் இப்படித்தானே எல்லாம் தண்ணீர் மாதிரி இருந்தது? வேர்த்துக் கொட்டியது. சட்டைக் காலரை இழுத்து மூக்கில் வைத்தேன். பயத்தில் நனைந்த சட்டை, நன்றாக நாறியது.

டிக் போட்டேன். இரண்டாவதுக்குக் குனிந்தேன். மூன்று மூச்சு. மறுபடி காலர். மூன்றாவது. மறுபடி காலர். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்து, இரண்டாம் மணியும் அடித்தது. அக்கா அசையாமல் நின்றாள். கூரைக்கு மேல் அந்தச் சிவப்புத் துணி படபடவென்று அடித்து, ஒரு கணம் தொங்கி, மறுபடி அடித்தது.

ஒன்பதாவதுக்குக் குனிந்தேன்.